ஒரு முழத்தில் முட்டும் மண்: குழி வெட்டி, சோதித்து, வகைப்படுத்துவது எப்படி

இராமநாதபுரம் கடலோரத்தில் புதிதாக நிலம் வாங்குகிறவர்களும் சரி, தாத்தா காலத்துப் புஞ்சையைத் திரும்ப உழ நினைக்கிறவர்களும் சரி, மேல்மண்ணை ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு "மண் நல்லாத்தான் இருக்கு" என்று முடித்துவிடுகிறார்கள். மேல்மண் நன்றாகத்தான் இருக்கும். வெறும் மணலும் இல்லை, வெறும் களியும் இல்லை, நடுவாந்தரமான இருமண்பாட்டு மண். பிடித்தால் உருண்டை நிற்கும், உழவுக்கு லேசாக வரும். ஆனால் ஒரு முழம் தோண்டினால் கடப்பாரை ணங்கென்று முட்டும். அப்படி முட்டுவது என்ன என்று பார்க்காமலே ஒருத்தர் உளிக் கலப்பை ஓட்டுகிறார், இன்னொருத்தர் ஜேசிபியைக் கூப்பிடுகிறார், மூணாவது ஆள் ஜிப்சம் மூட்டையை இறக்குகிறார். கீழே கிடப்பது பெரும்பாலும் நாலைந்து வகைகளில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு, வகைப்பாட்டில் பெயரும் வேறு. எது என்று கண்டுபிடிக்க லேபுக்குப் போகும் முன்னால் வீட்டிலேயே முக்கால்வாசி வேலையை முடித்துவிடலாம்.

முதலில் நேரம். நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். அது ஓய்ந்து, தேங்கிய தண்ணீர் வடிந்து, மண் ஈரப்பதமாக இருக்கிற தை மாதம் குழி வெட்ட நல்ல நேரம். சித்திரை வெயிலில் தோண்டினால் எல்லா மண்ணும் பாறைதான். காய்ந்த களி கூட கடப்பாரையைத் திருப்பி அனுப்பும், அதைப் பார்த்து "கீழே பாறை" என்று முடிவு கட்டினால் தப்பாகிவிடும். கோடையில்தான் தோண்டியாக வேண்டும் என்றால் முதல் நாள் சாயந்தரம் குழியில் நாலைந்து குடம் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். ஈரத்திலும் கெட்டியாக இருப்பதுதான் கணக்கு.

தேவையானவை அதிகம் இல்லை. மம்பட்டி, கடப்பாரை, அளவு டேப், ஒரு மீட்டர் நீளத்துக்குப் பத்து மில்லி இரும்புக் கம்பி, நேர்ச்சுவர் உள்ள ஒரு லிட்டர் பாட்டில், நாலு கண்ணாடி டம்ளர், பாத்ரூம் கழுவுகிற ஆசிட் கொஞ்சம். தண்ணீர் மட்டும் கவனம்: பிடித்து வைத்த மழைத்தண்ணீர், இல்லையென்றால் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர். நம் பக்கத்து போர் தண்ணீரில் இருக்கிற உப்பு சோதனையையே கெடுத்துவிடும், ஏன் என்று பிறகு வரும்.

தோண்டுவதற்கு முன் நிலத்தைச் சுற்றி ஒரு நடை நடங்கள். எலி வளை வாசலிலும் கறையான் புற்றிலும் வெள்ளை வெள்ளையாகக் கொண்டைக்கடலை அளவு கட்டிகள் கிடந்தால், அடியில் சுக்கான், அதாவது சுண்ணாம்பு சேர்ந்து இறுகின அடுக்கு, இருப்பதற்கு அது நல்ல அடையாளம். பக்கத்தில் பழைய கிணறு இருந்தால் அதன் சுவரை எட்டிப் பாருங்கள், ஊரணிக்கு வெட்டின கரை இருந்தால் இன்னும் நல்லது. அடுக்கு அடுக்காக மண் தெரியும், கூலி இல்லாமல் கிடைத்த குழி அது. பருத்தியோ ஆமணக்கோ கொழிஞ்சியோ கிடந்தால் ஒன்றை வேரோடு தோண்டி எடுங்கள். ஆணிவேர் நேராக இறங்காமல் ஓர் ஆழத்தில் பக்கவாட்டில் மடங்கி 'ட' எழுத்து மாதிரி ஓடியிருந்தால், மடங்கின இடம்தான் தட்டின், அதாவது கீழே இறுகிக் கிடக்கிற அடுக்கின், தலைப்பு. டேப்பை வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கம்பி. இருபது, இருபத்தைந்து நடைக்கு ஒரு தடவை கம்பியைக் கையால் அழுத்தி, எந்த ஆழத்தில் நிற்கிறது என்று ஒரு தாளில் நிலத்தின் படம் போட்டு எழுதுங்கள். இது சலிப்பான வேலை, ஆனால் விடாதீர்கள். சுக்கான் தட்டு மேடும் பள்ளமுமாகத்தான் படுத்திருக்கும். ஒரே வயலில் ஓர் ஓரத்தில் 25 செ.மீ., இன்னோர் ஓரத்தில் 70 செ.மீ. என்று கிடைப்பது சாதாரணம். ஒரே ஒரு குழியை வைத்து ஐந்து ஏக்கரை எடை போட்டால் அந்தக் குழி யாருக்குச் சாதகமாக வெட்டப்பட்டதோ அவருக்கே லாபம். நிலம் வாங்குகிறவர் இதை மனதில் வையுங்கள்.

கம்பி அளவுகளில் நடுத்தரமாக வந்த இடத்தில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் குழி போடுங்கள். வெயில் விழுகிற பக்கச் சுவரை மம்பட்டியால் செதுக்கிவிட்டு, கத்தி முனையால் மேலிருந்து கீழே குத்திக்கொண்டே வந்தால் நிறமும் இறுக்கமும் மாறுகிற இடம் கைக்கே தெரியும். அந்தக் கோடுகளை அளந்து எழுதுங்கள். தட்டு வந்ததும் நிறுத்திவிடக் கூடாது. கடப்பாரையால் ஓர் இடத்தில் உடைத்து அதன் கனத்தையும், கீழே என்ன இருக்கிறது என்பதையும் பார்த்தே ஆக வேண்டும். நாலு விரல் கனத் தட்டுக்குக் கீழே திரும்ப நல்ல மண் வருவது ஒரு கதை, இரண்டு அடிக்கும் பாறையாகவே போவது வேறு கதை. தட்டில் வெடிப்பு இருந்தால் ஒரு வெடிப்புக்கும் அடுத்ததுக்கும் எவ்வளவு தூரம் என்றும் அளந்துகொள்ளுங்கள். வேர் இறங்கும் வெடிப்புகள் 10 செ.மீ.க்கு மேல் தள்ளித் தள்ளி இருந்தால்தான் வகைப்பாட்டில் அதை வேரைத் தடுக்கும் அடுக்கு என்று ஒப்புக்கொள்வார்கள்.

மேல்மண் உண்மையிலேயே இருமண்பாடுதானா

ஒரு பிடி மண்ணைக் கல், வேர் நீக்கி, தண்ணீர் தெளித்து, சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசையுங்கள். உருண்டை பிடித்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துப் பட்டையாகத் தள்ளுங்கள். பட்டையே வராமல் உதிர்ந்தால் மணல் பக்கம். இரண்டரை செ.மீ.க்குள் முறிந்து, நறநறப்பும் வழவழப்பும் எதுவும் தூக்கலாக இல்லாமல் இருந்தால் இருமண்பாடு. நறநறப்பு தூக்கலாக இருந்தால் மணற்பாங்கான இருமண்பாடு. இரண்டரைக்கு மேல் ஐந்து வரை நீண்டால் களி கலந்த இருமண்பாடு.

பாட்டில் சோதனை இதை எண்ணில் சொல்லும். மூன்றில் ஒரு பங்கு மண், மீதி மழைத்தண்ணீர், ஒரு சிட்டிகை துணி துவைக்கும் பவுடர், பத்து நிமிடம் குலுக்கி ஆடாமல் வைத்துவிடுங்கள். ஒரு நிமிடத்தில் படிவது மணல், அடுத்த இரண்டு மணி நேரத்தில் படிவது வண்டல், மறுநாளைக்கும் மேலாகப் படிவது களி. பத்து செ.மீ. படிவில் நாலரை மணல், மூன்றரை வண்டல், இரண்டு களி என்று வந்தால் 45, 35, 20 சதவீதம். களி 7 முதல் 27, வண்டல் 28 முதல் 50, மணல் 52க்குள் இருந்தால் இருமண்பாடு என்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் முக்கோண வரைபடக் கணக்கு, நம் நாட்டு மண் ஆய்விலும் அதையே பயன்படுத்துகிறார்கள். எடையில் பார்க்க வேண்டியதை உயரத்தில் பார்க்கிறோம் என்பதால் இது தோராயம்தான்.

கடலோரத்தில் இந்தப் பாட்டில் இரண்டு விதமாக ஏமாற்றும். மண்ணில் உப்பு இருந்தால் களித் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு சட்டென்று படிந்துவிடும். அரை மணி நேரத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்தால் "களியே இல்லை" என்று எழுதிவிடாதீர்கள், தெளிந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புது மழைத்தண்ணீர் ஊற்றி இரண்டு மூன்று முறை கழுவிய பிறகு அளவெடுங்கள். இரண்டாவது, சுண்ணாம்பு ஒட்டின களி சின்னச் சின்னக் குருணையாக இருந்துகொண்டு மணல் மாதிரி நறநறக்கும். அந்தக் குருணையை நகத்தால் நசுக்கினால் மாவாகும், மணல் ஆகாது.

தட்டு எந்த ஜாதி

முக்கியமான இடம் இதுதான். தட்டிலிருந்து நெல்லிக்காய் அளவில் நாலைந்து துண்டு எடுத்து, நிழலில் இரண்டு மூன்று நாள் நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு போட்டால் விடை குழம்பும். காய்ந்த துண்டை டம்ளர் மழைத்தண்ணீரில் மெதுவாக இறக்கிவிட்டு, குலுக்காமல், பத்து நிமிடத்திலும் இரண்டு மணி நேரத்திலும் மறுநாள் காலையிலும் பாருங்கள்.

துண்டு பொலபொலவென்று சரிந்து, தண்ணீர் தெளிவாகவே இருந்தால், அது எதுவும் ஒட்டிய பாறை இல்லை; வெறும் இறுக்கம். வருஷா வருஷம் ஒரே ஆழத்தில் கல்டிவேட்டரும் ரொட்டவேட்டரும் ஓட்டி, ஈரத்தில் டிராக்டர் ஏறி இறங்கி உண்டான உழவுத் தட்டு. பெரும்பாலும் 15 முதல் 25 செ.மீ. ஆழத்தில், வயல் முழுக்க ஒரே மட்டத்தில் இருக்கும். வரப்போரத்தில், கலப்பை படாத இடத்தில் தோண்டினால் இருக்காது, அதுவே சாட்சி.

துண்டு சரிந்து, அதைச் சுற்றிப் பால் கலந்தது போலத் தண்ணீர் வெளுத்தால், சோடியம் ஏறின களர் அடிமண். களித் துகள் தனித்தனியாகப் பிரிந்து துளைகளை அடைத்து இறுகுகிற வகை இது. இங்கேயும் உப்பு கூட இருந்தால் முதல் தடவை கலங்காது, அதனால்தான் போர் தண்ணீர் வேண்டாம் என்றது. தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றிய பிறகும் தெளிவாக இருந்தால்தான் களர் இல்லை என்று நம்பலாம்.

மறுநாளும் துண்டு அசையாமல் அப்படியே கிடந்தால் ஏதோ ஒன்று அதை ஒட்டி வைத்திருக்கிறது. இப்போது ஆசிட். பீங்கான் தட்டில் வைத்து நாலு சொட்டு விடுங்கள், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், பிளீச்சிங் பவுடர் பக்கத்தில்கூட இருக்கக் கூடாது. சுர்ரென்று நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு. அதோடு விடாமல், துண்டை ஆசிட்டில் ஊறவைத்து, நுரை அடங்க அடங்க ஆசிட்டை மாற்றிக்கொண்டே இருங்கள். கடைசியில் மண்ணும் சேறுமாக உதிர்ந்துவிட்டால் அது சுக்கான் தட்டு. பொங்கிய பிறகும் பாதிக்கு மேல் கெட்டியாகவே நின்றால் சிலிக்காவும் சேர்ந்து ஒட்டியிருக்கிறது. பொங்கவே இல்லை, துருப்பிடித்த மாதிரிப் பழுப்பும் சிவப்புமாக இருக்கிறது என்றால் இரும்பு ஒட்டிய தட்டு. இந்த இரண்டு சந்தேகமும் வந்தால் துண்டை லேபில் காட்டிவிடுங்கள்.

மண்டபம், பாம்பன், இராமேஸ்வரம் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே கீழே பொங்குவதெல்லாம் சுக்கான் இல்லை. பழைய பவளப் பாறையும் கடற்கரையில் இறுகின மணற்பாறையும் கூட ஆசிட்டில் பொங்கும். உடைத்த முகத்தைக் கழுவிவிட்டு லென்ஸில் பாருங்கள். சிப்பித் துண்டு, பவளத்தின் நட்சத்திரத் துளை தெரிந்தால் அது மண்ணில் உருவான அடுக்கே இல்லை, தாய்ப்பாறை. வகைப்பாட்டில் பெயர் மாறிவிடும்.

குணங்கள்: ஆழத்தை வைத்து ஒரு கணக்கு

நம் நாட்டு மண் ஆய்வுக் கணக்கில் 25 முதல் 50 செ.மீ. வரை ஆழமற்ற மண், அதற்கும் குறைந்தால் மிக ஆழமற்றது, 50 முதல் 75 ஓரளவு ஆழமற்றது. ஒரு மாதிரிக் குழியை எடுத்துக்கொள்வோம்: 40 செ.மீ. இருமண்பாடு, கீழே சுக்கான். இருமண்பாடு ஒரு செ.மீ. ஆழத்துக்குச் சுமார் 1.5 மி.மீ. தண்ணீரைப் பயிருக்குக் கொடுக்கும்படி பிடித்து வைக்கும். ஆக 40 செ.மீ.க்கு 60 மி.மீ. அதில் பாதி தீர்ந்த பிறகு மீதியைப் பயிர் சிரமப்பட்டுத்தான் உறிஞ்சும். தை, மாசியில் நாளைக்கு 5 மி.மீ. போகிறது என்று வைத்தால், ஒரு நல்ல மழைக்குப் பிறகு ஆறே நாளில் பயிர் வாட ஆரம்பித்து, பன்னிரண்டு நாளில் கையிருப்பு தீர்ந்துவிடும். சுக்கான் கட்டிகள் மண்ணில் 30 சதவீதம் கலந்திருந்தால் இந்தக் கணக்கிலும் 30 சதவீதம் கழித்துக்கொள்ளுங்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. நன்றாகக் காய்ந்த 40 செ.மீ. மண் துளையெல்லாம் நிரம்ப 130 மி.மீ. மழை போதும். கார்த்திகையில் ஒரு புயல் சின்னம் வந்து நின்றால் இரண்டு நாளில் அது பெய்துவிடும், தண்ணீர் கீழே இறங்க வழி இல்லாமல் தட்டின் மேலேயே நிற்கும், வேர் அழுகும். ஒரே வயல் மார்கழியில் சேறாகவும் மாசியில் பொட்டலாகவும் இருப்பதற்குக் காரணம் வானம் பாதி, இந்த ஆழம் பாதி.

சுண்ணாம்பு மண்ணில் கார அமிலத் தன்மை (pH) பெரும்பாலும் 8 முதல் 8.5 வரை நிற்கும். மணிச்சத்து கட்டிக்கொள்ளும், இரும்பும் துத்தநாகமும் இருந்தும் கிடைக்காது. நுனி இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புப் பஞ்சம். 8.5ஐத் தாண்டினால் களரைச் சந்தேகிக்க வேண்டும்.

பெயர் வைப்பது

1975இல் முழுமையாக வெளிவந்த அமெரிக்க மண் வகைப்பாட்டைத்தான் நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நம் தேசிய மண் ஆய்வு நிறுவனமும் பின்பற்றுகிறது. அதில் மண்ணைப் பிரிக்கிற பெரிய பிரிவுகள், பன்னிரண்டு வரிசைகள். சாவி போட்டுத் திறப்பது போல, முதலில் பொருந்துவதில் நின்றுவிட வேண்டும்.

முதல் கேள்வி: மேலிருந்து கீழே களி திட்டமாகக் கூடுகிறதா? மேல்மண்ணில் களி 15 முதல் 40 சதவீதமாக இருந்தால் கீழ்மண்ணில் அதைவிட 1.2 மடங்காவது இருக்க வேண்டும், மண் கட்டிகளின் முகத்தில் களி மெழுகினது போலப் பளபளப்பும் தெரிய வேண்டும். இருந்தால் ஆல்ஃபிசால் என்ற வரிசை. அதிலேயே சோடியம் ஏறியிருந்தால் நேட்ரஸ்டால்ஃப், சுக்கான் தட்டு இருந்தால் பேலியுஸ்டால்ஃப் பக்கம் போகும். களி அப்படிக் கூடவில்லை, ஆனால் நிறமும் கட்டமைப்பும் மாறியிருக்கிறது, கீழே சுக்கான் தட்டு என்றால் இன்செப்டிசால் வரிசை. நம் மாதிரிக் குழி இங்கே விழுகிறது.

சுக்கான் தட்டைப் பெட்ரோகால்சிக் என்று ஏற்க அது 10 செ.மீ. கனமாவது இருக்க வேண்டும், நேரே கெட்டிப் பாறை மேல் படிந்திருந்தால் மட்டும் ஒரு செ.மீ. போதும். மேல்மண்ணிலிருந்து தட்டு வரை பத்து செ.மீ.க்கு ஒரு சொட்டு ஆசிட் விட்டுப் பாருங்கள், எல்லா இடத்திலும் பொங்கினால் இன்செப்டிசாலுக்குள் கால்சியுஸ்டெப்ட் என்ற பிரிவு. நடுவில் வருகிற 'உஸ்ட்' என்பது பருவமழையை நம்பிய ஈர நிலையைக் குறிக்கிறது. முழுப் பெயர் இப்படி வரும்: லோமி, மிக்ஸ்டு, சூப்பராக்டிவ், ஐசோஹைப்பர்தெர்மிக், ஷேலோ, பெட்ரோகால்சிக் கால்சியுஸ்டெப்ட். இதில் மிக்ஸ்டு (பல தாதுக்கள் கலந்தது), சூப்பராக்டிவ் (களி சத்துகளைப் பிடித்து வைக்கும் திறன் மிக அதிகம்) இரண்டும் லேப் முடிவு வந்த பிறகு எழுத வேண்டியவை. ஐசோஹைப்பர்தெர்மிக் என்றால் மண்ணின் சராசரி வெப்பம் 22 டிகிரிக்கு மேல், கோடைக்கும் குளிருக்கும் வித்தியாசம் 6 டிகிரிக்குள். நம் கடலோரத்துக்கு இதைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. ஆழம் 50 செ.மீ.க்குள் என்பதால் ஷேலோ. அப்படி ஆழமற்ற மண்ணுக்குக் கரடு, நயம் என்று பிரிக்காமல் லோமி என்று பொதுவாக எழுதினால் போதும் என்பது இந்த வகைப்பாட்டில் இருக்கிற சலுகை. உலக வகைப்பாட்டில் இதே மண் பெட்ரிக் கால்சிசால்.

சிலிக்கா ஒட்டிய தட்டு என்றால் டியூருஸ்டெப்ட். பவளப் பாறை 50 செ.மீ.க்குள் வந்தால் பெயரின் முன்னால் லித்திக், அதாவது அடியில் கெட்டிப் பாறை. உழவுத் தட்டுக்கு மட்டும் பொதுவாகப் பெயரில் இடமே கிடையாது, அது மனிதன் உண்டாக்கியது, உடைத்தால் போய்விடும்.

பெயர் தெரிந்தபின் வேலை

உழவுத் தட்டுக்கு உளிக் கலப்பை சரியான மருந்து. கோடையில், மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, 50 செ.மீ. இடைவெளியில் 40 முதல் 45 செ.மீ. ஆழத்துக்கு, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சால். ஏக்கருக்கு ஐந்து டன் தொழு உரமோ மக்கிய தென்னை நார்க் கழிவோ சேர்க்க வேண்டும், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பச் செய்ய வேண்டும். ஈரத்தில் ஓட்டினால் தட்டு நொறுங்காது, கத்தி போன கோடு மட்டும் இருக்கும்.

அதே கலப்பையைச் சுக்கான் தட்டில் ஓட்டினால் கொழு மேலே எகிறும், இல்லை முறியும். மரம் வைக்கிற இடத்தில் மட்டும் ஜேசிபியால் தட்டைத் துளைத்துக் குழி எடுத்து நல்ல மண் நிரப்பலாம், ஆனால் கீழே உவர் தண்ணீர் மேலாக நிற்கிறதா என்று முதல் குழியிலேயே பாருங்கள். மற்ற இடத்தில் தட்டோடு ஒத்துப்போவதுதான் புத்தி: குதிரைவாலி, எள், கொத்தமல்லி, பார் பிடித்துக் குண்டு மிளகாய். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மிளகாய் மழை நீர் வடிந்தால்தான் நிற்கும், அதனால் பாரை உயர்த்திப் போடுங்கள். ஆழம் கூட்ட ஆசை என்றால் கண்மாய் வண்டல். ஓர் ஏக்கரில் ஒரு செ.மீ. உயர்த்த 40 கன மீட்டர், அதாவது சுமார் 14 யூனிட் வேண்டும். ஐந்து செ.மீ.க்கு எத்தனை நடை என்று கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கடலை ஒட்டிய கண்மாய் என்றால் வண்டலின் உப்பையும் சோதித்துவிட்டு அள்ளுங்கள்.

ஜிப்சம் களர் அடிமண்ணுக்கு மட்டும். வெறும் உப்பு மண்ணுக்கும் சுக்கானுக்கும் போடுவது பணத்தைப் புதைப்பது. எவ்வளவு என்பதை ஜிப்சத் தேவைச் சோதனை சொல்லும், வடிகால் இல்லாத வயலில் எவ்வளவு போட்டாலும் சோடியம் வெளியேறாது.

லேபுக்கு மாதிரி கொடுக்கும்போது மேல்மண்ணையும் அடிமண்ணையும் கலக்காமல் தனித்தனிப் பையில் அரை கிலோ, தட்டின் உடையாத துண்டு ஒன்று தனியாக, ஒவ்வொன்றிலும் ஆழத்தை பென்சிலால் எழுதிய சீட்டு. இராமநாதபுரத்திலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, பரமக்குடியில் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. குழியின் போட்டோவும் கம்பி அளவு எழுதின தாளும் கையில் இருந்தால் பேச்சு நேராக விஷயத்துக்கு வரும். குழியை மூடும்போது அடியில் எடுத்ததை அடியிலும் மேலே எடுத்ததை மேலேயும் போடுங்கள், சுக்கான் துண்டுகளை வரப்புக்கு எறிந்துவிடுங்கள்.